கை தூக்கினால் விழும் நாடி

சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யாயிருந்தால் என் பருத்திக்காட்டில் காய்ப்புழு விழட்டும். எனக்குப் பருத்திக்காடு கிடையாது என்பது வேறு விஷயம். சத்தியம் சத்தியம்தான்.

கீழப்பழுவூருக்கு மேற்கே, கரிசல் தொடங்குகிற இடத்தில் கண்ணையன் வீடு. பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். பருத்திக்கு மருந்தடிப்பதில் கண்ணையனை மிஞ்ச ஆள் இல்லை. ஆடியில் தோளில் மாட்டிய மருந்து டேங்கை மார்கழியில்தான் இறக்கி வைப்பார். சொந்தக் காட்டுக்கு அடித்து முடித்தால் பங்காளி காட்டுக்கு, அது முடிந்தால் அடுத்த ஊர்க் காட்டுக்கு. டேங்கு வார் அழுத்தி அழுத்தி வலது தோளில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதில் எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருளாமல் நிற்கும். வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவருடைய வலது கைச் சுண்டுவிரல் மரத்துப்போனது. கார்த்திகையில் பக்கத்து விரல். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் மனைவி ஜெகதாம்பாள் கண்ணுக்குத் தப்புமா? காப்பித் தம்ளர் கை நழுவி விழுந்தது. அரிவாள் விழுந்தது. சட்டைப் பித்தானை இடது கையால் போட ஆரம்பித்தார். ஒருநாள் அடுப்படியில் யாரும் இல்லை என்று நினைத்து இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஜெகதாம்பாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அப்படியே திரும்பிப் போனாள். அந்த வாரமே சிறுவாச்சூர்க் காளிக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டாள்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை. கோவிலில் கால் வைக்க இடமில்லை. ஜெகதாம்பாள் அங்கேயே அரிசி இடித்து, வெல்லம் சேர்த்து மாவு பிசைந்து, குழி செய்து நெய் ஊற்றித் திரியை ஏற்றினாள். தட்டைக் கண்ணையன்தான் ஏந்தினார். சந்நிதிக்கு எதிரே போய் நின்றதும் வலது கை, அவரைக் கேட்காமலே, தட்டை விட்டுவிட்டது. தட்டு கவிழ்ந்து, திரி நெய்யிலேயே விழுந்து அணைந்தது. கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் இடுப்புக் குழந்தையின் முகத்தை மெல்ல வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பூசாரி, பரவாயில்லை நகருங்கள் என்று மட்டும் சொன்னார். பரவாயில்லை என்பதை அவர் காளியைப் பார்த்துச் சொன்னாரா, இவர்களைப் பார்த்துச் சொன்னாரா என்று ஜெகதாம்பாளுக்குப் புரியவில்லை.

வெளியே வந்தால் ரோட்டோரம் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. நரம்பு, தசை, மூட்டு வலிக்கு மசாஜ் என்று எழுதியிருந்தது. நடத்துகிறவன் மணிவண்ணன், பூலாம்பாடிக்காரன். சென்னையில் படித்து வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான். லாரி டிரைவர்கள்தான் அவனுக்கு வாடிக்கை. அவர்களுக்கு அவன்மேல் ஒரு குறை உண்டு. எண்ணெய் தொடுவதற்கு முன்னால் குனி, நிமிர், திரும்பு, மடக்கு என்று அத்தனை சோதனையும் செய்வான். கழுத்தைச் சொடுக்கு எடுத்துவிடச் சொன்னால் மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்கிற மாதிரி பார்க்கிறான் என்பார்கள்.

கண்ணையனையும் அப்படித்தான் பார்த்தான். மணிக்கட்டின் உட்பக்கம் இரண்டு விரலால் தட்டி, விரல்நுனி வரை சுருக்கென்று ஓடுகிறதா என்று கேட்டான். இல்லை என்றார். இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டித் தொங்கவிட்டு அப்படியே வைத்திருக்கச் சொன்னான். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. தலையைச் சாய்த்து மேலிருந்து அழுத்தினான். கழுத்துதான் வலித்தது, கைக்கு வரவில்லை. கடைசியாகப் பின்னால் போய் நின்றான். மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி கையைப் பக்கவாட்டில் மேலே தூக்கினான். முகத்தை அந்தக் கைப் பக்கம் திருப்பி, மூச்சை இழுத்து நிறுத்தச் சொன்னான். தானும் கண்ணை மூடிக்கொண்டான்.

“விழுந்துடுச்சு” என்றான்.

“என்ன தம்பி விழுந்துச்சு?”

“நாடிங்கம்மா. சுத்தமா விழுந்துடுச்சு. இத்தன வருஷத்துல இவ்ளோ சுத்தமா விழுந்து நான் பாத்ததே இல்ல.”

அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பாடத்தில் மட்டுமே படித்திருந்ததை நேரில் கண்ட சந்தோஷம். ஜெகதாம்பாள் அதைப் பார்த்துப் பயந்துபோனாள். பிறகு அவன் முகத்தை மாற்றிக்கொண்டு, எண்ணெய் பாட்டிலை மூடினான்.

“இதுல நான் கை வைக்கக் கூடாதுங்கம்மா. திருச்சியில பெரிய நரம்பு டாக்டராப் பாத்துக் காட்டுங்க. தள்ளிப்போடாதீங்க.”

இன்னொன்றும் சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, கழுத்து ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்ட டிரைவர் ஒருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மணிவண்ணன் தன் கார்டை ஜெகதாம்பாள் கையில் திணித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடினான். சொல்ல வந்தது சிறுவாச்சூரிலேயே தங்கிவிட்டது. சொன்னது மட்டும் இவர்களோடு பஸ் ஏறி ஊருக்கு வந்தது.

நம் பக்கத்தில் நாடி விழுந்தது என்றால் ஒரே அர்த்தம்தான். வைத்தியம் செய்கிறவனே இனி நான் கை வைக்க மாட்டேன் என்று சொன்னால் அதற்கும் ஒரே அர்த்தம்தான். அரியலூர் வரை கண்ணையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே போயின. ஒரே ஒரு தடவை திரும்பிச் சொன்னார்.

“மேலக்காட்டுப் பருத்திய மொதல்ல எடுத்துரு.”

ஜெகதாம்பாள் சரி என்று தலையாட்டிவிட்டாள். தலையாட்டிய பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று உறைத்தது.

மகன் ராஜராஜனுக்கு சிமெண்டு லாரிகளுக்கு எடை போடுகிற இடத்தில் வேலை. எதையும் முறைப்படி செய்தால்தான் அவனுக்குத் திருப்தி. மசாஜ்காரன் எப்படிச் செய்தான் என்று அம்மாவைச் செய்துகாட்டச் சொன்னான். எந்தக் கை, எவ்வளவு உயரம், முகம் எந்தப் பக்கம், மூச்சு எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, அப்பாவை நிறுத்தி அப்படியே செய்தான். நாடி விழுந்தது. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை செய்தான். மறுபடியும் விழுந்தது. போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். சொந்தக்காரர்களில் ஒருவர்கூட விடுபடவில்லை.

மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கண்ணையனைக் கூடத்தில் தலையைத் தெற்கே வைத்துப் படுக்கவைத்தார்கள். செருப்பைக் கழற்றுகிற ஒவ்வொருவரும் உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கையைத் தூக்கச் சொன்னார்கள். ராஜராஜன் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் மேலே, முகத்தை இந்தப் பக்கம், மூச்சைப் பிடியுங்கள் அப்பா என்று சொல்லிக்கொடுத்தான். வந்தவர் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், அடுத்தவருக்கு வழிவிடுவார்.

மருமகள் நர்மதாவுக்குத் தீராத சிக்கல், அடுப்பைப் பற்றவைப்பதா வேண்டாமா என்பது. துக்கவீடு என்றால் பற்றவைக்கக் கூடாது. விருந்தாடி வந்த வீடு என்றால் பற்றவைக்காமல் இருக்கக் கூடாது. உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்த கண்ணையனின் அக்கா தையல்நாயகி தீர்ப்புச் சொன்னாள்: சாம்பார் வைக்கலாம், தாளிக்கக் கூடாது. தாளிக்காத சாம்பாரை எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். சிலர் இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார்கள்.

சோறு வேண்டாம் என்றது கண்ணையன் மட்டும்தான். தூக்கித் தூக்கி இறக்கியதில் அவருடைய வலது கை வெளுத்து, கிணற்றுக்கல் போலச் சில்லிட்டுக் கிடந்தது. விரல்கள் மடங்கவில்லை. தையல்நாயகி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“உசுரு கைலேருந்து கழண்டுக்கிட்டு வருது ஜெகதா. தோளத் தாண்டிட்டா அவ்ளோதான்.”

இதைக் கண்ணையன் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். அதன்பிறகு தோளையே பார்த்துக்கொண்டிருந்தார், வரப்பில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கிற மாதிரி.

மேலக்காட்டில் பருத்தி வெடித்து வெள்ளையாக நின்றது. தையில் வரக்கூடாத மேகம் கிழக்கே திரண்டிருந்தது. நனைந்தால் பஞ்சு பழுப்படித்து எவனும் தொடமாட்டான். பருத்தி எடுக்க வர வேண்டிய பெண்கள் துக்கம் விசாரிக்க வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெகதாம்பாள் மேகத்தைப் பார்ப்பாள், கூடத்தைப் பார்ப்பாள். எழுந்து காட்டுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரியும்.

மத்தியானம் அவளுடைய அண்ணன் முத்தமிழ்செல்வன் வந்தார். ஸ்கூட்டரில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கிறது, எடுத்துவரச் சொல் என்று நர்மதாவிடம் சொன்னார். நர்மதாவுக்குக் கையில் வேலை இருந்தது. ஜெகதாம்பாளே போய் சீட்டைத் தூக்கினாள். வாழைப்பழத்துக்கு அடியில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. பைக்குள் புதுச் சேலை.

புருஷன் செத்தால் பொண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரவேண்டும். பிணத்தை எடுப்பதற்குள் வந்துவிட வேண்டும். பிந்தினால் அந்தப் பேச்சு பேரன் காலம் வரை போகும். ஆனால் ஆள் இருக்கும்போதே வந்த கோடியை ஜெகதாம்பாள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

பையோடு அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, இது என்ன?”

அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். “வர்ற வழியில கட தெறந்திருந்துச்சு.”

“அவரு உள்ள படுத்திருக்காருண்ணே. கண்ணு முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு.”

“எனக்குத் தெரியாதா? நம்ம சின்னம்மா வூட்டுல சாவு விழுந்த அன்னைக்கு ஒரு கட தெறக்கல. கோடிக்கு நாயா அலஞ்சோம், சம்பந்தி வூட்டான் சிரிச்சான். அது மனசுல கெடந்துச்சு. வேணும்னு வாங்குவனா?”

“கலரு யாரு பாத்தது? நீயா, அண்ணியா?”

“அவதான். ஒனக்கு அரக்குதான் எடுப்பா இருக்கும்னா.”

ஜெகதாம்பாள் பையை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சில்லிட்ட கையைத் தன் மடியில் போட்டு, சூடு வரட்டும் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க, அவளுடைய கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ துடித்தது. நிறுத்திவிட்டு விரலை அப்படியே வைத்தாள். தவளைத் தொண்டை துடிப்பதுபோல நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

“ராஜா, இங்க வா. நாடி இருக்குடா.”

ராஜராஜன் வந்து பார்த்தான். அவன் முகத்தில் இரக்கம் வந்தது.

“அப்புடிப் பாக்கக் கூடாதும்மா. கையக் கீழ போட்டுப் பாத்தா எல்லாருக்கும்தான் இருக்கும். முறைன்னு ஒன்னு இருக்குல்ல?”

அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, கையைத் தூக்கி, முகத்தைத் திருப்பி, மூச்சை நிறுத்தச் சொல்லி அம்மாவின் விரலையே மணிக்கட்டில் வைத்துக் காட்டினான்.

“இப்ப பாரு. இருக்கா?”

இல்லை. தையல்நாயகி மூக்கைச் சிந்தினாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ராஜராஜன் சொன்னது நியாயம்தான் என்று தலையசைத்தார்கள். கண்ணையனும் தலையசைத்தார்.

ஜெகதாம்பாள் எழுந்தாள். நேரே அண்ணனிடம் போனாள்.

“அண்ணே, கையக் குடு.”

“எனக்கு எதுக்கு?”

“குடுண்ணே. முறையாப் பாப்போம்.”

தங்கை கேட்டு மறுக்க முடியாமல் அவர் கையைக் கொடுத்தார். மேலே தூக்கினாள். முகத்தைத் திருப்பினாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஜெகதாம்பாள் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

“ஒனக்கும் இல்லண்ணே.”

“வெளயாடாத ஜெகதா.”

“ராஜா, நீ வந்து பாரு.”

ராஜராஜன் பார்த்தான். மாமாவை விட்டுத் தள்ளி நின்றான்.

“கட இன்னும் தெறந்திருக்கும்லண்ணே?” என்றாள் ஜெகதாம்பாள். “அண்ணிக்கு எந்தக் கலரு எடுப்பா இருக்கும்?”

முத்தமிழ்செல்வன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தையல்நாயகி தன் கையைத் தானே தூக்கிப் பார்த்து, வசப்படாமல் நர்மதாவிடம் நீட்டினாள். அவளுக்கும் விழுந்தது. ராஜராஜனுக்கு வலது கையில் நின்றது, இடது கையில் விழுந்தது. பாதிச் சாவு உண்டா என்று அவன் யாரையும் கேட்கவில்லை. கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்தது. சங்கதி வேப்பமரத்தடிக்குப் போனது, அங்கிருந்து தெருவுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஆட்கள் ஒரு கையைத் தூக்கி, முகத்தைத் திருப்பி, மூச்சடக்கி நின்றார்கள். கை காட்டுகிறார்கள் என்று நினைத்து டவுன் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி விவரம் கேட்டு, தானும் கையைக் கொடுத்தார். விழுந்தது. அவர் மறுபடியும் ஸ்டியரிங்கில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கண்டக்டர் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு மட்டும் விழாததற்காக ஒவ்வொருவரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைத் தனியே விட்டுவந்தவர்கள் ஓடினார்கள். ஒருத்தி ஓடிக்கொண்டே, பீரோ சாவி அரிசிப் பானையில் இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த அமளியில் நர்மதாதான் மாமியாருடைய சுருக்குப்பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்தாள். இதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. சாவைச் சொன்னவனுக்கு யார் போன் போட்டு இன்னொரு தரம் கேட்பார்கள்? ஸ்பீக்கரில் போட்டாள்.

“கைய எறக்குனா நாடி வந்துரும்ங்க” என்றான் மணிவண்ணன். “காரை எலும்புக்குப் பின்னாடி நரம்பும் ரத்தக் கொழாயும் நெருக்கத்துல போவுது. தூக்குனா நசுங்கும். நல்லா இருக்குறவங்களுக்கும் நெறைய பேருக்கு விழும். அவருக்கு மரமரப்பும் சேந்து இருக்கதாலதான் டாக்டரப் பாக்கச் சொன்னேன். அன்னைக்கே சொன்னேனேங்க?”

“சொல்லல” என்றாள் நர்மதா.

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது மட்டும் கேட்டது.

“ஒரு டிரைவர் வந்தாரு” என்றான்.

“இங்க ஒருத்தரு போவப் பாத்தாருங்க.”

“அந்தச் சோதனைய மட்டும் திரும்பத் திரும்பச் செஞ்சுறாதீங்க. நரம்பு கெட்டுரும். யாரும் செய்யலல்ல?”

நர்மதா வாசலைப் பார்த்தாள். “ஒன்னு ரெண்டு தடவ” என்றாள்.

கண்ணையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியென்றால் நான், என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஜெகதாம்பாள், எழுந்து சாப்பிடுங்கள் என்றாள். பழையசோறும் சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தாள். அவர் இடது கையால் சாப்பிட்டார். வலது கை மடியில் கிடந்தது. நடுநடுவே அதை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார், யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல.

பொழுது சாய்வதற்குள் சொந்தங்கள் எல்லாம் கிளம்பினார்கள். அப்போது ஜெகதாம்பாள் ஒன்றைக் கவனித்தாள். ஒருவர்கூடப் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. துக்கவீட்டில்தான் அப்படிச் சொல்லாமல் போவது. மறந்துபோய்ப் பழக்கத்தில் போகிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அண்ணனை வாசலில் நிறுத்தி, சொல்லிவிட்டுப் போ என்றாள். அவர் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். பையை எடுத்துப் போகச் சொன்னதற்கு மட்டும் பதில் சொன்னார்.

“எடுத்த கோடிய திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது ஜெகதா. எங்க வூட்டுக்கு ஆகாது.”

“எங்க வூட்டுக்கு ஆவுமா?”

வண்டி அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

மறுநாள் காலை ஜெகதாம்பாள் பருத்தி எடுக்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டு மேலக்காட்டுக்குப் போனாள். பருத்தி எடுப்பவர்கள் இடுப்பில் பழைய சேலையை மடியாகக் கட்டி, எடுத்த சுளையை அதில் போட்டுக்கொண்டே போவார்கள். இவள் பையைப் பிரித்து அந்த அரக்குச் சேலையை எடுத்து உதறி இடுப்பில் மடி கட்டினாள். பெண்கள் நின்றுவிட்டார்கள். வேணி என்பவள்தான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, அது என்ன சேலன்னு தெரிஞ்சுதான் கட்டுறியா?”

“தெரியும்டி. நல்ல கெட்டித் துணி. ரெண்டு மூட்ட சுள தாங்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வரிசை தள்ளியே எடுத்துக்கொண்டு போனார்கள். கண்ணையன் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் இறங்கி இறங்கி வந்து பனைமரத்துத் தலையைத் தொட்டது. காற்று நின்றுபோயிருந்தது. ஜெகதாம்பாள் குனிந்தவள் நிமிரவில்லை. காய் ஓடு விரல் நகக்கண்ணில் கீறி ரத்தம் வந்தது. பஞ்சில் படாமல் சேலையில் துடைத்துக்கொண்டாள். அரக்கில் தெரியவில்லை. மடி நிறைய நிறைய, நிறைமாசக்காரி போல வரப்புக்கு வந்து, புருஷன் முன்னால் கொட்டிவிட்டுப் போனாள். கடைசி மூட்டையின் வாயைத் தைத்துத் தலைக்குத் தூக்கியபோது முதல் தூறல் விழுந்தது. வீட்டுக்குள் மூட்டை போனதும் ஊற்றியது. அப்படி ஒரு மழையை அந்த மாதத்தில் அந்தக் காடு கண்டதில்லை.

அதன்பிறகு ராஜராஜன் அப்பாவைத் திருச்சிக்கு அழைத்துப் போனான். நரம்பு டாக்டர் தோள் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, டேங்கை இனி தொடக்கூடாது என்றார். தோளைத் தூக்கி இறக்குகிற பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். கண்ணையன் சொன்னபடி கேட்டார். பங்குனியில் சுண்டுவிரலுக்கு உணர்ச்சி வந்தது. சித்திரையில் வலது கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். வைகாசியில் மறு பரிசோதனைக்குத் திருச்சி போகும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல் கம்பியை வலது கையால் பிடித்தபடி போகிற தூரம் முழுக்க நின்றுகொண்டே போனார். ஜெகதாம்பாள் பக்கத்தில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனாள். கை கம்பியை விடவில்லை.

எடுத்த கோடியைத் திருப்ப முடியாதே: கண்ணையனுக்கு, ஆள் இருக்கும்போதே, அந்த மாசி ஆறாம் தேதி கருமாதியும் முறைப்படி நடந்தது.